நம் வானத்தை அளந்தவர்

பிப்ரவரி 28-ந் தேதி வரும்போதெல்லாம் நம் பள்ளிக்கூடங்களில் தேசீய விஞ்ஞான தினம் கொண்டாடப்படுகிறது. 1928-ம் ஆண்டு அந்தத் தேதியில் ஸர் சி. வி. ராமன் தம் பெயரால் உலகம் வழங்கும் ஒளி விளைவைக் கண்டார் என்பதை முன்னிட்டு 1987 முதல் ஏற்பட்ட வழக்கம் அது. மாணவர்கள் கூடுகிறார்கள்; உபாத்தியாயர்கள் பேசுகிறார்கள்; ராமன் படத்துக்கு மாலை சாத்தப்படுகிறது. முறையான காரியந்தான். ஆனால் அதே பிப்ரவரி 28-ந் தேதி, அக்கண்டுபிடிப்புக்கு 35 ஆண்டுகளுக்கு முன்னர், 1893-ல், பாலக்காட்டைச் சேர்ந்த கல்பாத்தியில் பிறந்த அறிஞர் ஒருவர் உண்டு. ராமன் பின்னர் கண்டு தெளிந்த ஒளியின் முதல் மங்கிய கீற்றை 1923-லேயே பார்த்தவர் அவர். பிறகு அதை விட்டு ஆகாயத்தை அளக்கப் புறப்பட்டு, உலகத்துப் பூபௌதிக அறிஞர்களின் மகாசங்கத்துக்கே தலைவரானவர். கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் என்னும் அவருடைய பெயரை மேற்படி விழா மேடைகளில் கேட்பது அரிதாயிருக்கிறது.

பூபௌதிகம் என்பது பூமியைப் பொருளாகவும் பௌதிகத்தைக் கருவியாகவும் கொண்ட சாஸ்திரம். பூகம்பம், பூமியின் காந்த சக்தி, மழை, காற்று, தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான மைல் உயரம் வரை பரந்து கிடக்கும் வாயுமண்டலம் ஆகிய யாவும் அதன் எல்லைக்குள் அடங்கும். இந்தச் சாஸ்திரத்தில் ஈடுபடுவோருக்கு ஒரு விசேஷக் கஷ்டம் உண்டு. மற்ற விஞ்ஞானிகள் தாம் ஆராயும் பொருளை மேஜைமீது வைத்துச் சுட்டும் குளிர்வித்தும் பார்க்கலாம். பூமியை அப்படிச் செய்ய இயலாது. அது தானாகக் காட்டுவதைக் காத்திருந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் குறிப்பால் பயன் சிறிது. பத்தாண்டுக் குறிப்புகள் பேச ஆரம்பிக்கும். ஆகையால் இத்துறையில் பெயர் பெற்றவர்களைப் பொது ஜனங்கள் அறியாமலிருப்பது இயல்பே. இயல்பு என்பதற்காக அதைச் சரியென்று ஒப்புக்கொள்ள நமக்கு மனமில்லை.

கல்பாத்தி, தமிழ் வழங்கும் அக்கிரகாரம். விசுவநாத சுவாமி தேர்த் திருவிழாவால் பிரசித்தி பெற்றது. அக்காலத்தில் அது சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்தது. ராமநாதன் முதலில் பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும், பின்னர் சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியிலும் பௌதிகம் பயின்று, 1914-ல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் சோதனைப் பயிற்சி அளிக்கும் உதவி உபாத்தியாயராக அமர்ந்தார். சிறிய உத்தியோகந்தான். எனினும் திருவனந்தபுரம் அவருக்கு வாய்த்தது நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் நிறுவிய வான ஆராய்ச்சி நிலையம் அந்நகரில் இருந்தது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த மத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1852 முதல் 1865 வரை அங்கிருந்து பூமியின் காந்த சக்தியை அளந்திருந்தார். அகஸ்திய மலை உச்சியிலேயே ஒரு நிலையம் அமைத்துக் குறிப்பெடுத்தார். அப்படிப்பட்ட ஊரில், இடியும் மழையும் புத்தகப் பாடமாக அன்றிக் கண்ணெதிரே நிகழும் மேற்குக் கடற்கரையில், ராமநாதனுடைய கவனம் வானத்தின்பால் திரும்பியதில் வியப்பில்லை. திருவனந்தபுரத்து இடிமழையைப் பற்றி அவர் அங்கிருக்கும்போதே ஆராய்ந்து எழுதினார்.

1921-ல் அவர் கல்கத்தாவுக்குப் போய், பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தில் ராமனிடம் சேர்ந்தார். மறு ஆண்டே ரங்கூன் கல்லூரியில் ஆசிரியர் பதவி கிடைத்தது. ஆயினும் விடுமுறை தோறும் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1923-ம் ஆண்டு நடந்தது இதுதான். சூரிய வெளிச்சத்தை ஊதா நிறக் கண்ணாடி வழியே செலுத்தித் தண்ணீருக்குள் பாய்ச்சினார்கள். ஊதாவை அடியோடு தடுக்கும் பச்சைக் கண்ணாடியை எதிர்ப்புறத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் மங்கலாக ஒரு கீற்றுத் தெரிந்தது. தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்க வேண்டும், அதன் ஒளிர்வே இது என்று எண்ணிய ராமநாதன், திரவத்தை மீண்டும் மீண்டும் வடித்துச் சுத்தி செய்து பார்த்தார். கீற்று மறையவில்லை. பலவீனமான ஒளிர்வு என்றே அது அச்சில் ஏறியது. ராமனுக்கு மட்டும் அவ்விளக்கத்தில் திருப்தி உண்டாகவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் கே. எஸ். கிருஷ்ணனோடு அவர் அதை மறுபடி ஆராய்ந்தபோதுதான், ஒளி தன் நிறத்தையே மாற்றிக்கொண்டு வெளிவருகிறது என்ற உண்மை துலங்கிற்று. 1930-ல் நோபெல் பரிசு வந்தது.

இதைக் கேட்போர் சிலருக்கு, அப்பெருமையில் ஒரு பங்கு ராமநாதனுக்குரியது அல்லவா என்று சொல்லத் தோன்றும். வழக்குகளில் பழகிய நமக்கு அந்த வாதம் நிற்குமென்று படவில்லை. ஒரு சம்பவத்தைக் கண்ட சாட்சி வேறு, அதன் பொருளை நிலைநாட்டியவர் வேறு. கண்டுபிடிப்பு ராமனுடையதே. ஆனால் சாட்சியின் பெயரை ரிக்கார்டிலிருந்து நீக்கிவிட எந்த நியாயமும் இடந்தராது. ராமன் நீக்கவில்லை, 1923-ல் ராமநாதன் கண்டதை வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னார். பிற்காலத்தில் கதையைச் சுருக்கிச் சொன்ன நாம்தாம் நீக்கிவிட்டோம்.

1925-ல் ராமநாதன் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்தார். கல்கத்தாவின் கீர்த்திமிக்க ஆராய்ச்சிக் கூடத்தோடு கொண்ட தொடர்பை விட்டுச் சர்க்கார் இலாகா ஒன்றில் நுழைவது புத்திசாலித்தனமா என்று அப்போது யாரேனும் கேட்டிருந்தால், பதில் சொல்வது கடினமாயிருந்திருக்கும். 1875-ல் அமைந்த அந்த இலாகாவின் தலைமை வெள்ளையர் கையில் இருந்தது. தகுதியில் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள். 1924 வரை தலைவராயிருந்த ஸர் கில்பெர்ட் வாக்கர், நம் கணித மேதை ராமானுஜத்தின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து 1913-ல் சென்னைச் சர்வகலாசாலைக்குச் சிபார்சு எழுதிய அதே வாக்கர்தான். ஆனாலும் இந்தியர் ஒருவர் அவ்விலாகாவின் தலைவராவதற்கு 1944 வரை காத்திருக்க நேர்ந்தது. ராமநாதன் அப்பதவிக்கு வரவே இல்லை.

அவர் அங்கே செய்த முதல் பெருங்காரியத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேலே போகப் போகக் காற்றுக் குளிர்கிறது என்பது மலையேறிய எவருக்கும் தெரியும். இக்குளிர்ச்சி முடிவில்லாமல் போவதில்லை, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது, அதற்கு மேலே வேறொரு மண்டலம் ஆரம்பிக்கிறது என்று 1902-ல் பிரான்ஸ் தேசத்து தெஸரான் த போர் பலூன்களை அனுப்பிக் கண்டார். கீழ் மண்டலத்தில் மேகமும் மழையும் புயலும். மேல் மண்டலத்தில் அமைதி. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை பாரிஸுக்கு மேல் 11 கிலோமீட்டர் என்றால் டில்லிக்கு மேல் எவ்வளவு? குமரி முனைக்கு மேல் எவ்வளவு? ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கரையிலும் ஜாவாத் தீவின் பட்டேவியாவிலும் ஐரோப்பியர் விட்ட சில பலூன்கள், உஷ்ணப் பிரதேசத்தில் விஷயம் வேறு என்று ஜாடை காட்டியிருந்தன. ஜாடையை முழுச் சித்திரமாக்க ஆளில்லை.

ஆக்ராவில் வானிலை இலாகாவின் மேல்வான நிலையம் ஒன்று இருந்தது. ரேடியோ மூலம் உயரத்திலிருந்து செய்தி அனுப்பும் கருவிகள் பழக்கத்துக்கு வராத காலம் அது. ரப்பர் பலூனில் ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி, இலேசான கருவி ஒன்றைக் கட்டி மேலே விடுவார்கள். உஷ்ணத்தையும் காற்றின் அழுத்தத்தையும் ஒரு சிறு உலோகத் தகட்டில் ஊசி கீறிக்கொண்டே போகும். பலூன் வெடித்ததும் கருவி எங்கேயோ வயலிலோ காட்டிலோ வந்து விழும். அதை யாராவது கண்டெடுத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் தகட்டிலுள்ள நுண்ணிய கீறல்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க முடியும். கண்டெடுத்துத் தருபவருக்குச் சன்மானம் உண்டு. ஐக்கிய மாகாணத்துக் குடியானவர்கள் அந்த ஆராய்ச்சியில் எத்தனை பங்கு கொண்டார்கள் என்பதை எந்த விஞ்ஞானச் சரித்திரமும் எழுதப் போவதில்லை.

1925 ஜூலை முதல் 1928 மார்ச் வரை ஆக்ராவில் இவ்வாறு கிடைத்த குறிப்புகளை ராமநாதன் ஒன்றுசேர்த்து, உலகத்தின் பிற பாகங்களில் கிடைத்தவற்றோடு பொருத்திப் பார்த்தார். 1929-ல் லண்டன் 'நேச்சர்' பத்திரிகையில் அதன் முடிவு வெளியாயிற்று. பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை, தரையிலிருந்து 25 கிலோமீட்டர் உயரம் வரை, உஷ்ணம் எவ்விதம் பரவியிருக்கிறது என்பதை அவர் ஒரே படத்தில் வரைந்து காட்டினார். அந்தப் படம் கூறிய செய்தி யாதெனில், நம்முடைய வாயுமண்டலத்தின் கீழ்ப்பகுதியிலே மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேல் இல்லை. வெயில் கொளுத்தும் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், பூமியைச் சுற்றி ஒரு வளையம் போலக் கிடக்கிறது என்பது. அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி செண்டிகிரேடையும் கடந்து செல்கிறது.

கேட்க விபரீதமாகத் தோன்றினாலும் காரணம் எளிது. வெப்பத்தால் இலேசான காற்று இங்கே இடிமேகங்களோடு வெகு உயரம் கிளம்புகிறது. கிளம்பக் கிளம்ப விரிந்து குளிர்கிறது. ஐரோப்பாவில் 11 கிலோமீட்டரில் நின்றுவிடும் குளிர்ச்சி இங்கே 17 வரை தொடர்வதால், எல்லையில் மிஞ்சுவது அதிகக் குளிர். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் இதற்கு இன்னொரு முக்கியத்துவம் வெளிப்பட்டது. இங்கிலாந்துக்கு மேலே உள்ள மேல்மண்டலக் காற்று எதிர்பாராத அளவு ஈரமற்றிருப்பதை அளந்த ஆலன் புரூவர், 1949-ல், அந்தக் காற்று உஷ்ணப் பிரதேசத்துக் குளிர் வாயில் வழியாகத்தான் மேலேறியிருக்க வேண்டும், அங்கேதான் அதன் ஈரமெல்லாம் உறைந்து கழிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஆக, லண்டன் வானத்தின் வறட்சிக்கு விடை ராமநாதன் வரைந்த குளிர் வளையத்தில் இருந்தது.

ஐரோப்பியர் தங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை அளந்து, அதையே உலகத்தின் வானம் என்று பாடப் புத்தகத்தில் எழுதினார்கள். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவரவர் தத்தம் வாசலிலிருந்துதான் பார்க்க முடியும். நம் வாசலிலிருந்து பார்க்க நம்மவர் ஒருவர் முன்வரும் வரையில் புத்தகம் பாதியாகவே இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிறை சென்றோரையும் மேடையில் முழங்கினோரையும் தேசத் தொண்டர் என்று போற்றுகிறோம், போற்ற வேண்டியதுதான். அந்நிய சர்க்காரில் சம்பளம் வாங்கிக்கொண்டே இந்தக் காரியத்தைச் செய்தவரை எந்த வரிசையில் வைப்பது என்று தேசாபிமானிகளில் சிலர் தயங்கக்கூடும். நமக்கு அந்தத் தயக்கம் இல்லை.

அடுத்த இருபதாண்டு உத்தியோக வாழ்வில் அவர் கை வைக்காத விஷயம் சொற்பம். 1933-ல் கே. பி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து தென்மேற்குப் பருவக்காற்றையும் அதனோடு வரும் காற்றழுத்தத் தாழ்வுகளின் அமைப்பையும் ஆராய்ந்து எழுதினார். 1935 மே 31-ல் குவெட்டா நகரை அழித்த பூகம்பத்தின் அலைப் பதிவுகளை எஸ். எம். முகர்ஜியோடு ஆராய்ந்தார். கோடைக்கானல், கொலாபா நிலையங்களுக்கு அதிபராக இருந்தார். கொலாபா என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. பம்பாய்க்கு மின்சார டிராம் வருகிறது, அதன் மின்னோட்டம் காந்த ஊசிகளைக் கலக்கிவிடும் என்று தெரிந்து, காந்தக் கருவிகளை 1904-ல் கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகுக்கு மாற்றினார்கள். பழைய இடத்துக் குறிப்பும் புது இடத்துக் குறிப்பும் தொடர்பறுந்து போகாதபடி இரண்டு ஆண்டு இரு இடங்களிலும் சேர்த்தே அளந்தார்கள். அத்தகைய கட்டுப்பாடுள்ள பரம்பரையின் பொறுப்புத்தான் ராமநாதனிடம் வந்து சேர்ந்தது.

1948 பிப்ரவரியில் அவருக்கு 55 வயது நிறைந்தது. சர்க்கார் விதிப்படி உத்தியோகத்திலிருந்து விலக வேண்டிய வயது. தேசம் சுதந்திரம் பெற்று ஆறு மாதங்கூட ஆகி அதிக நாளாகவில்லை. தன் வானத்தைத் தானே ஆராய வேண்டிய பொறுப்பு அதன் தலைமேல் அப்போதுதான் ஏறியிருந்தது. உலகத்தில் உஷ்ணப் பிரதேச வாயுமண்டலத்தை நன்கறிந்த அறிஞர்களில் முதல் வரிசையில் நின்ற ஒருவரை, வயதுக் கணக்குப் பார்த்து வீட்டுக்கு அனுப்பியது அந்த விதி. எழுத்துக் குமாஸ்தாவுக்கும் ஆராய்ச்சி அறிஞருக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் இவ்வழக்கத்தைச் சர்க்கார் நிர்வாகத்தில் சமத்துவம் என்று வாதிப்போர் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நடப்பதற்கு நாம் அப்பெயர் கொடுப்பதில்லை.

நல்ல வேளையாக, ஆமதாபாத்தில் ஆலை முதலாளி குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் ஆகாயக் கதிர்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய விக்கிரம் சாராபாய், 1947 நவம்பரில் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைத் துவக்கியிருந்தார். சொந்தக் கட்டடம் கிடையாது. ஊரிலிருந்த விஞ்ஞானக் கல்லூரியில் சில அறைகள். அதன் முதல் டைரக்டராக ராமநாதன் வந்து சேர்ந்தார். டைரக்டருக்கு வயது 55, ஸ்தாபகருக்கு 28. 1952-ல் கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் ராமன். 1954-ல் திறந்து வைத்தவர் ஜவாஹர்லால் நேரு. முப்பது ஆண்டுகளுக்கு முன் தண்ணீரை வடித்து வடித்து ஒளிக்கீற்றைத் தேடிய மாணவரின் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் குருவே கல் நாட்ட வந்தார் என்பதை நினைத்தால் மகிழ்ச்சி உண்டாகிறது.

ஆமதாபாத்தில் அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது ஓஸோன் ஆராய்ச்சி. மேல்மண்டலத்தில் மெல்லிதாகப் பரந்திருக்கும் இவ்வாயுதான் சூரியனுடைய ஊதா கடந்த கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து அடுக்கினால் மூன்று மில்லிமீட்டர் கனந்தான் தேறும். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாப்ஸன் அதை அளக்கும் கருவியை அமைத்து, 1920-களின் இறுதியில் உலகத்தில் சில இடங்களுக்கு அனுப்பினார்; அவற்றில் ஒன்று நம் கோடைக்கானல். அங்கே கண்டது ஒரு புதிர். ஓஸோனை உண்டாக்குவது சூரிய ஒளி. சூரிய ஒளி மிகுந்தது நம் வானம். ஆனால் ஓஸோன் குறைந்திருப்பதும் நம் வானத்தில்தான். நிறைந்திருப்பது வடக்கே குளிர் நாடுகளில், அதுவும் வசந்த காலத்தில். இங்கே விளைந்த சரக்கை மேல்மண்டலக் காற்று மெல்ல மெல்லத் துருவங்களை நோக்கி ஏற்றிச் செல்கிறது என்பதே இதற்கு விடை என்று பின்னர் தெளிவாயிற்று.

அவ்விடையை எட்டுவதற்கு ஓஸோன் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். சூரியன் அடிவானத்தில் சாயும்போது நேர் உச்சி வானத்தின் ஒளியில் இரண்டு ஊதா கடந்த கதிர்களின் விகிதம் குறைந்துகொண்டே போய்த் திடீரென்று திரும்பும். சுவிட்ஸர்லாந்துக்காரரான கோட்ஸ் கண்ட இந்தத் திருப்பத்தைக் கொண்டு, தரையில் நின்றபடியே உயரக் கணக்கைப் போடலாம். 1949-ல் கரந்திகர் என்பாருடன் சேர்ந்து நம் வானத்துக்கு அக்கணக்கைப் போட்டார் ராமநாதன். 1957-ல் ஜே. வி. தவேயோடு சேர்ந்து அவர் வகுத்துக் கொடுத்த முறை, உலகத்தின் நிலையங்கள் பலவும் கைக்கொள்ளக்கூடிய பொது முறையாக வெளியாயிற்று. கணக்குப் பொறிகள் அருமையாயிருந்த காலத்தில், பட்டியலும் பென்சிலும் கொண்டு எந்த நாட்டுக் குமாஸ்தாவும் செய்யக்கூடிய விதமாக அதை அமைத்திருந்தார்கள். வெப்ப நாடுகளின் ஓஸோன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதையும் 1963-ல் அவர் எடுத்துக் காட்டினார்.

1954-ல் பூமி அளவை மற்றும் பூபௌதிகச் சர்வதேசச் சங்கத்தின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1957 வரை அப்பதவியில் இருந்தார். அலங்காரப் பதவியல்ல அது. ரஷியாவும் அமெரிக்காவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த அந்நாட்களில், அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பதினெட்டு மாதம் பூமியை ஒரே சமயத்தில் அளந்த சர்வதேசப் பூபௌதிக ஆண்டு 1957 ஜூலை 1-ல் தொடங்கியது. அதற்கான ஆயத்தங்கள் நடந்ததெல்லாம் அவர் தலைமை வகித்த காலத்தில்தான். சர்வதேச வானிலை அமைப்பின் பரிசு 1961-ல் வந்தது. பத்ம பூஷணும் பத்ம விபூஷணும் 1965-லும் 1976-லும் வந்தன. உத்தியோக விதி ஓய்வு கொடுத்த பிறகு அவர் சம்பாதித்தவை இவையெல்லாம்.

1963 நவம்பர் 21-ல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் மேலே சென்றது. தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பிரௌனைத் திருவாங்கூருக்கு இழுத்த அதே காந்த மத்திய ரேகை. அம்முயற்சிக்குத் தலைவர் சாராபாய். ராமநாதனுக்குப் பின் ஆராய்ச்சிக் கூடத்தின் டைரக்டரான அவர், 1971 டிசம்பர் 30-ல் கோவளத்தில் 52 வயதில் காலமானார். மூத்தவர் மேலும் பதின்மூன்று ஆண்டு இருந்தார். கௌரவப் பேராசிரியராக ஆமதாபாத்திலேயே தங்கி, 1984 டிசம்பர் 31-ல் மறைந்தார். அந்த ஆராய்ச்சிக் கூடத்து மண்டபம் ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது.

தென்துருவக் கண்டத்தில் ஹாலி விரிகுடா என்னும் இடத்தில் பிரிட்டிஷ் நிலையம் ஒன்று, சர்வதேசப் பூபௌதிக ஆண்டை ஒட்டி ஓஸோனை அளக்கத் தொடங்கி, யாரும் அதிகமாகக் கவனிக்காத அந்த அளவையை ஆண்டுதோறும் விடாமல் செய்துவந்தது. கோடைக்கானலுக்கு வந்தது போன்ற டாப்ஸன் கருவிதான் அங்கும். வசந்த காலம் தோறும் ஓஸோன் பயங்கரமாகக் குறைந்து வருவதை அக்குறிப்புகள் காட்டின. ஜோஸப் பார்மன் முதலிய மூவர் அச்செய்தியை 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டது 1985 மே மாதம். ராமநாதன் கண்மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் அப்போது பயன்பட்ட வாயுக்களே காரணம் என்பது உறுதிப்பட்டு வர, அவற்றைக் கட்டுப்படுத்த 1987 செப்டம்பரில் மான்ட்ரியால் நகரில் தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது.